காலி ரீல்

தீபாவளிக்கு ஒன்பது நாள்.
தைக்கக் கிடப்பது நாற்பத்து மூன்று ஜாக்கெட்.
வாசலில் எபினேசர் நிற்கிறான்.
துணி கொண்டுவரவில்லை, அளவும் இல்லை.
"நூல் தீந்துச்சாக்கா?"
பந்தி முடிந்ததா என்று
கல்யாண மண்டபத்தில் எட்டிப்பார்க்கிற முகம்.

மெரூனில் இன்னும் ஒரு கைக்கு நூல் இருக்கிறது.
உட்கார்ந்து காத்திருந்தான்.
கடைசிச் சுற்று கழன்றதும்
ரீலோடு ஓட்டம்.
நடையில் ஏற்கெனவே கவுசர், நிரோஷா,
மூன்றாம் மாடி இரட்டையரில் ஒருவன்
(மற்றவனுக்கு அம்மை).

வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, இரண்டாம் மாடி.
மழைக்கு உள்ளே வந்த சைக்கிள்களுக்கும்
தண்ணீர்க் குடங்களுக்கும் நடுவே
ஒன்றரை முழம் இடம்.
ரீலின் துளைக்குள் ரப்பர் பேண்டு,
புளிப் பொட்டலத்தில் வந்தது.
ஒரு முனையில் ஒடித்த தீக்குச்சி, மேலே செல்லோடேப்.
மறுமுனையில் ஐஸ் குச்சியில் பாதி.
திருகு.
கவுசர் முப்பது எண்ணினாள்.
தரையில் வைத்தால்
குச்சி மட்டும் விர்ரென்று சுழன்று
எபியின் விரலில் அடித்தது.
ரீல் அசையவே இல்லை.

"குச்சி குட்டைடா. காத்த அடிச்சு இன்னா பண்ணும்?
தரைய உதைச்சாத்தான் நவுரும்."
நிரோஷா சொன்னதைக் கேட்டு
ஊசியில் நூல் கோக்க மறந்தேன்.

முழுக் குச்சி போட்டார்கள்.
இப்போது அது ரீலோடு ஒட்டிக்கொண்டு
சுழலவே மாட்டேன் என்கிறது.
உரசல்.
அதற்குமேல் நடந்ததை நான் பார்க்கவில்லை.
கை கழுத்துப்பட்டியில் இருந்தது,
கண்ணும் அங்கேதான்.

மறுபடி பார்த்தபோது
என் அடிஸ்கேலின் மேல்
ஏறிக்கொண்டிருந்தது மெரூன் ரீல்.
மெதுவாக.
அரை நிமிடத்தில் திருகியதை
மூன்று நிமிடமாய்ச் செலவழித்துக்கொண்டு,
மாதச் சம்பளக்காரர் மாதிரி.
சாட்டின் வெட்டுத்துண்டில் வழுக்கியது.
விளிம்பைப் பிளேடால் கீறிப் பல் வைத்தார்கள்.
ஏறியது.
ஐம்பது திருகினார்கள்.
ரப்பர் அறுந்தது.
"நாப்பத்தி ஏழுல," என்றாள் கவுசர்,
வருத்தம் இல்லாமல்,
ஒரு கணக்கு கிடைத்த குரலில்.

ஆறரைக்கு மழை வலுத்தது. கரண்ட் போனது.
மோட்டாரின் பெல்ட்டைக் கழற்றினேன்,
கால் மிதிக்குத் தயாரானேன்,
மெஷின் டிராயரில் மெழுகுவத்தியைத் தடவினேன்.
அடிப்பக்கம் வெட்டுப்பட்டிருந்தது.
ரீலுக்கும் குச்சிக்கும் நடுவே
திரியை உருவிய வில்லையாக
வழுக்கிக்கொண்டிருந்தது என் வெளிச்சம்.

"யார்ரா அது? அந்த வில்லை இருந்தா
இன்னும் பத்து நிமிஷம் எரியும்!"

இருட்டில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு கவுசர்:
"பத்தாக்கா? அளந்தியா?"

அளக்கவில்லை.
நான் இடுப்பு அளப்பேன், மார்பு, தோள், கை இறக்கம்.
மெழுகுவத்தியை யார் அளப்பார்கள்?
கழுத்தில் தொங்கிய டேப்பை
நிரோஷா கேட்காமலே எடுத்தாள்.
பற்றவைத்த வத்திக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.
இரட்டையன் என் போனில் நேரம் பார்த்தான்.
நடைக்காற்று நுழையாமல்
எபி முதுகால் கதவை அடைத்தான்.
இப்படிக் காற்று மறைத்தால்
எரிவது குறையுமா கூடுமா என்று ஒரு சண்டை.
தீர்ப்பு என்னிடம் வந்தது.
தெரியாது என்றேன்.
தெரியாது என்று சொல்லி
யாரும் என்னைத் திட்டாதது
அன்றைக்குத்தான்.

மிதி நின்றிருந்தது.
பச்சைக் கரை ஜாக்கெட் ஒற்றைக் கையோடு
மடியில் கிடந்தது.
ஐந்து பேரும் ஒரு கோட்டைப் பார்த்தோம்.
மெழுகு இறங்கி இறங்கி
அந்தக் கோட்டுக்கு நூலளவு இருக்கையில்
பிளாக் முழுக்க "ஹே" என்று கத்தல்.
ட்யூப்லைட் துடித்து எரிந்தது.

"ச்சே!"

யாரென்று திரும்பிப் பார்த்தேன்.
நால்வரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு ஜாக்கெட் குறையவில்லை.
நாற்பத்து மூன்று அப்படியே.
பெல்ட்டை மாட்டும்போது எபினேசர்
பச்சை நூல் ரீலைத் தூக்கி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு,
இன்னும் எத்தனை கை வரும் என்று கேட்டான்.